சின்னமாதாவுக்கு ஏற்ற தோள்

போன மாதம் கிளினிக்கில் என் உயரத்தை அளந்தார்கள். அளந்த பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சுவரில் ஒட்டியிருந்த நாடாவோடு என்னைச் சாத்தி நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு கொப்பி மட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, முந்தி இருந்ததைவிட ஒன்றரை அங்குலம் குறைஞ்சிருக்கு" என்றாள். வருகிற வழியில் அதை நான் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்ததுபோல ஒரு பார்வை வேறு. உயரம் குறைந்ததுகூடப் பரவாயில்லை, அளந்த முறைதான் எனக்குப் பொறுக்கவில்லை. குதிக்கால் சுவரில் முட்டுகிறதா என்று பார்க்கவில்லை. மட்டை ஒரு பக்கம் சரிந்திருந்தது. செருப்பைக் கழற்றச் சொல்லவும் இல்லை. கழற்றியிருந்தால் இன்னும் அரை அங்குலம் போயிருக்கும் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

மாவட்ட நிர்வாகம் நடக்கிற கச்சேரிக் கந்தோரில் முப்பத்தைந்து வருடம் இருந்தவளுக்கு எதையும் முறைப்படி செய்யாவிட்டால் கை துருதுருக்கும். அங்கே அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் கோப்புகளை முக்காலி போடாமல் எடுக்கக்கூடிய ஒரே பெண்பிள்ளை நான்தான். காணிக் கதை கதைக்க வந்தவர்கள் என் மேசைக்கு முன்னால் நின்று சத்தமாகத் தொடங்குவார்கள். நான் கதிரையை விட்டு எழும்பியதும் பாதிப் பேருக்குக் குரல் இறங்கிவிடும். உயரத்தால் எனக்குக் கிடைத்த ஒரே அரசாங்கச் சலுகை அது. கல்யாணப் பேச்சுகளில் அதே உயரம் என்ன பாடு படுத்தியது என்பது வேறு கதை, அதை விடுங்கள்.

அப்படிப்பட்ட நான் பிறந்தபோது ஒரு மீனளவுதான். சும்மா சொல்லவில்லை, நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஏழாம் மாதம் முடிகிற நேரம் அவசரப்பட்டு வந்துவிட்டேன். பொறுத்திருக்கத் தெரியாத குணம் அங்கேயே தொடங்கியிருக்கவேண்டும். பிள்ளையின் பாரத்தைப் பார்க்க வீட்டில் ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்து சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் வாசல் படலையில் மணியடித்தாராம். மருத்துவிச்சி என்னைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் அவருடைய தராசுத் தட்டில் வைத்தாள். மீன்காரர் தராசைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம், "குறை நினைக்காதேங்கோ தங்கச்சி, நேற்று நான் வித்த பாரைக்குட்டி இதைவிடப் பாரம்."

உள்ளே படுத்திருந்த அம்மாவுக்கு இது கேட்டது. வேறு தாயென்றால் அழுதிருப்பாள். என் அம்மாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே மாதாவிடம் நேர்ந்துகொண்டாள்: "என்ர பிள்ளை வளருவாள். வளர்ந்து சின்னமாதாவைத் தோளில தூக்குவாள்."

சின்னமாதா யாரென்று சொல்லவேண்டும். துறைமுகத்தை அண்டிய எங்கள் கோயிலில் புரட்டாதியில் மாதாவின் திருவிழா. பெரிய சுருவத்தை, சிலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், ஆண்கள் வண்டியில் வைத்து இழுத்து வருவார்கள். அதற்கு முன்னால் சிறுமியாக இருக்கும் மாதாவின் சுருவம் போகும். அதை முழங்கையில் ஏந்திவிடலாம், ஆனால் வைக்கிற மரக்கூடு பாரமானது. கூட்டின் அடியில் இரண்டு தண்டுகள். நாலு முனைக்கும் நாலு சிறுமிகள். பன்னிரண்டு வயதுக்கு மேற்படக்கூடாது, பெரியபிள்ளையாகியிருக்கவும் கூடாது. அம்மாவின் நேர்த்திக்கடனில் இருந்த கோளாறு இப்போது உங்களுக்கு விளங்கும். எப்போது வளருவாள், எவ்வளவு வளருவாள் என்ற இரண்டையும் அவள் சொல்லாமல் விட்டுவிட்டாள். நான் பக்கத்தில் இருந்திருந்தால் திருத்தச் சொல்லியிருப்பேன். பக்கத்தில்தான் இருந்தேன், தராசுத் தட்டில்.

பதினொரு வயதுவரை நான் வளரவே இல்லை என்றுதான் வீட்டில் பேச்சு. குளிக்க வார்க்குமுன் நல்லெண்ணெய் பூசி, வலது கையையும் இடது காலையும் பிடித்து இழுப்பாளாம் அம்மா, பிறகு மாற்றிப் பிடித்து இழுப்பாளாம். கொஞ்சம் வளர்ந்ததும் மீனெண்ணெய் வந்தது. அதன் மணம் இப்போதும் எனக்கு வெள்ளிக்கிழமைப் பள்ளிக்கூடத்தின் மணம்தான், ஏனென்றால் அன்றைக்கு இரண்டு கரண்டி. சின்னமீனை முள்ளோடு தின்னவேண்டும். பின்வளவுக் கொய்யாக் கொப்பில் தொங்கவேண்டும். தொங்கினால் நீளுவேன் என்று அம்மா சொன்னாள். கொப்புத்தான் நீண்டு தாழ்ந்தது.

எல்லாவற்றிலும் பெரிய கட்டளை, படுத்திருக்கும் பிள்ளையை யாரும் கடக்கக்கூடாது என்பது. கடந்தால் வளர்த்தி நின்றுவிடும். கடந்தவர் வந்த வழியே திரும்பக் கடந்தால் அந்தக் குற்றம் அழிந்துவிடும். என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணாவுக்கு இது வாழ்நாள் பொழுதுபோக்காயிற்று. நான் பாயில் படுத்திருந்தால் வேண்டுமென்றே ஒரு பாய்ச்சல்.

"அம்மா, அண்ணா என்னைக் கடக்கிறான்!"

"எடேய், திரும்பிக் கட! கடந்துபோட்டு ஓடாதே!" என்று குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு வருவாள்.

"இவள் இனி எங்க அம்மா வளரப்போறாள்? கோழிக்குஞ்செண்டாலும் இவ்வளவுக்குள்ள முட்டை போட்டிருக்கும்."

அகப்பை அவன் முதுகில் விழும்.

சின்னமாதாவைத் தூக்குகிறவர்களைத் தெரிவுசெய்வதற்கு எங்கள் கோயிலில் ஒரு முறை இருந்தது. கோயில் மூப்பர் துறைமுகப் பட்டறையில் தச்சுவேலை செய்தவர். உலகத்தில் உள்ள எல்லா அநியாயமும் மட்டம் பிசகியதால் வருவது என்று நம்பிய மனிதர். அவரிடம் ஒரு ரசமட்டம் இருந்தது. விரல் நீளக் கண்ணாடிக் குழலுக்குள் ஒரு குமிழி இருக்கும், அது நடுவில் வந்து நின்றால் மட்டம். மாதா வணக்கமாதமான வைகாசியில் ஒரு ஞாயிறு பூசை முடிய, சிறுமிகளை வளவில் வரிசையாக நிறுத்துவார். இரண்டிரண்டு பேராகச் சேர்த்துத் தோள்களின்மேல் பலகையை வைத்து, பலகையின்மேல் ரசமட்டத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். நாலு பேரின் தோளும் ஒரே மட்டத்தில் வரும்வரை மாற்றி மாற்றி நிறுத்துவார். "கப்பல் சரியலாம், பிள்ளையள். மாதா சரியக்கூடாது" என்பார்.

மூன்று வருடம் அந்த வரிசையில் நின்றேன். மூன்று வருடமும் பலகை என் பக்கம் சறுக்கிக் கீழே விழுந்தது. நாலாவது வருடம், எனக்குப் பன்னிரண்டு வயதில், குமிழி நடுவில் வந்து நின்றது. மூப்பர் மூடிய கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த ஞாயிறு கோயிலில் பெயர் வாசித்தார்கள். அம்மா முக்காட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்குப் பின்னேரமே வெள்ளைச் சட்டைக்குத் துணி எடுத்தாயிற்று.

வைகாசியில் அளந்து புரட்டாதியில் தூக்க வைப்பது. எவ்வளவு காலமாக இதைச் செய்தார்களோ தெரியாது. இடையில் மூன்றரை மாதம் இருக்கிறது, அளந்த பொருளோ பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. பலகை வேலை செய்கிறவருக்கு, அறுத்த மரம் அறுத்தபடியே கிடக்கும்.

ஆனியில் கச்சான் காற்று தொடங்கியது. எங்கள் ஊரில் அந்தக் காற்று வீசினால் நாயும் ஓரிடத்தில் படுக்காது. மேற்கிலிருந்து சூடாக வந்து யன்னல்களை அடித்து அடித்துத் திறக்கும், சோற்றில் மண்ணைப் போடும். அந்த வருடம் ஊரே நிலைகொள்ளாமல்தான் இருந்தது. வெள்ளைக்காரர் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போகப்போகிறார்கள் என்று கதை. துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை பார்த்த அப்பா வேலை இருக்குமா போகுமா என்று தெரியாமல் வீட்டுக்கும் படலைக்குமாக நடந்துகொண்டிருந்தார். இவ்வளவுக்கும் நடுவே என் உடம்பு தன் வேலையைத் தொடங்கியது.

முதலில் பாதம். ஒருவரும் கவனிக்கவில்லை, பாதத்தை யார் பார்க்கிறார்கள். பிறகு கை. மேசையில் தேத்தண்ணீர்க் கோப்பை எங்கே இருந்தாலும் என் முழங்கை அதைத் தேடிப் போய்த் தட்டியது. உடம்பு ஒரு கந்தோரைப்போல ஒழுங்காக நடப்பதில்லை. கீழ்ப்பகுதி மேலிடத்துக்கு அறிவிக்காமல் தன்பாட்டில் தொடங்கிவிடுகிறது. முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் எறும்பு ஊர்வதுபோல ஒரு நோவு. இருந்தால் நடக்கவேண்டும்போல் இருக்கும், நடந்தால் ஓடவேண்டும்போல் இருக்கும், ஓடினால் எதற்கென்று தெரியாமல் அழுகை வரும். கோயில் வாங்கில் என் கால் தானாக ஆடும். அம்மா பிரசங்கத்தைக் கேட்டபடியே என் முழங்காலை அழுத்திப் பிடிப்பாள். பசியோ சொல்லி முடியாது. பானையில் அடிச்சோற்றைச் சுரண்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து அண்ணா, "அம்மா, அண்டைக்கு நிறுத்த தராசைத் திரும்பக் கூப்பிடுங்கோ" என்றான்.

ஆடி கடைசியில் வெள்ளைச் சட்டையைப் போட்டுப் பார்த்தோம். முழங்காலுக்குக் கீழே நாலு விரல் இறங்கியிருந்த சட்டை முழங்காலுக்கு மேலே நின்றது. அம்மா விளிம்பை அவிழ்த்து நீட்டினாள். சட்டையை நீட்டிவிடலாம், தோளை இறக்க வழியில்லையே. அதுவரை நிறைந்த கோப்பையாக வந்த பால் அரைக்கோப்பையாகியது. முட்டை நின்றது. கொய்யாமரத்துப் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு வந்தது.

ஒருநாள் மத்தியானம் என்னைப் பாயில் படுக்கச் சொல்லிவிட்டு அண்ணாவைக் கூப்பிட்டாள்.

"இவளைக் கட."

அண்ணாவுக்கு விளங்கவில்லை. "என்ன?"

"கடவெண்டு சொல்லுறன். கடந்துபோட்டுத் திரும்பிக் கடக்காதை. குசினிப் பக்கத்தால சுத்தி வந்து பிறகும் கட."

"அப்ப இவ்வளவு நாளும் கடந்ததுக்கு ஏன் அம்மா அடிச்சனீங்கள்?"

"அது அப்ப. இப்ப கட."

"அடிச்ச அடியைத் திரும்ப எடுப்பியளோ?"

அம்மா அகப்பையைப் பார்த்தாள். அவன் கடந்தான், சுற்றி வந்தான், மறுபடியும் கடந்தான். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும், எனக்கும் இப்போது அப்படித்தான். அன்றைக்கு மாத்திரம் அண்ணாவின் கால் என் மேலாகப் போகும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நிற்கட்டும், இத்தோடு நிற்கட்டும் என்று மன்றாடினேன். பிறந்த நாளிலிருந்து அம்மா தூக்கித் திரிந்த நேர்த்தி அது. அது இறங்குவதற்கு இருந்தது இந்த ஒரு திருவிழாதான். அடுத்த வருடம் எனக்கு வயது கடந்துவிடும். பல வருடங்களுக்குப் பிறகு, கொழும்பில் வைத்து, அம்மா உள்ளே போன நேரமெல்லாம் தான் திரும்பிக் கடந்து கணக்கை அழித்துக்கொண்டே இருந்ததாக அண்ணா சொல்லிச் சிரித்தான். "நீ வளர்ந்ததுக்கு நான்தானடி காரணம்" என்றான்.

திருவிழாவுக்கு முதல் கிழமை ஒத்திகை. கூட்டைத் தோளில் ஏற்றினோம். மூப்பர் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஒரு பக்கமாக ஓடிப்போய் மூலையில் ஒட்டிக்கொண்டது. அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். பிறகு நிமிர்ந்து, முதன்முறையாக என்னை முழுதாகப் பார்த்தார்.

"பிள்ளை, நீ என்ன செய்தனி?"

மற்ற மூன்று பிள்ளைகளும் வைகாசியில் இருந்த இடத்திலேயே நல்லபிள்ளைகளாக நின்றார்கள்.

மூப்பர் அம்மாவிடம் வந்தார். "தங்கச்சி, நிலாவெளியில இருந்து வந்து இஞ்ச மாமி வீட்டில நிண்டு படிக்கிற பிள்ளை ஒண்டு இருக்கு. அளவு சரியா வரும்."

"அந்தப் பிள்ளைக்கு ஆர் நேர்ந்தது?" என்றாள் அம்மா.

"இது நேர்த்திக் கதையில்லை, மட்டத்தின்ர கதை."

அம்மா என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு பங்குக் குருவான சுவாமியிடம் போனாள். சுவாமி நல்லவர், சட்டம் தெரிந்தவர். நேர்த்தியை வேறொரு புண்ணியமாக மாற்றித் தருவதற்குத் தனக்கு அதிகாரம் இருக்கிறது, ஒன்பது நாள் செபமும் என் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரியும் போதும் என்றார். சரியான நடைமுறை அது. பின்னாளில் நான் கோயில் சட்டப் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது.

"சுவாமி, நான் மாதாவோட கதைச்சது. உங்களோட கதைக்கேல்லை" என்றாள் அம்மா. அவள் சுவாமியோடு அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. சுவாமிக்கும் பழக்கமில்லை. மூப்பருக்குச் சம்மதமென்றால் தனக்கும் சம்மதம் என்றார். வந்த கோப்பை இன்னொரு மேசைக்குத் தள்ளிவிடுகிற கச்சேரிக் கலை அங்கேயும் இருந்தது.

மூப்பர் கடைசியில் ஒரு வழி சொன்னார். முழங்காலை மடித்தபடி நடக்கவேண்டும். குமிழி நடுவில் நின்றால் போகலாம். அன்றிலிருந்து வீட்டுக்குள் நான் முழங்காலை மடித்துத்தான் நடந்தேன். குசினிக்கும் அறைக்குமாக நடக்க, அம்மா என் தோளில் கையை வைத்துக்கொண்டு கூடவே வருவாள், "கொஞ்சம் பதி, இன்னும் கொஞ்சம் பதி" என்று. ஓடச்சொல்லிக் கத்துகிற காலை மடித்து வைத்திருப்பது எப்படியென்று கேட்காதீர்கள்.

திருவிழா அன்று பின்னேரம் சுற்றுப்பிரகாரம் புறப்பட்டது. வெறுங்கால், வெள்ளைச் சட்டை, தலையில் காகிதப்பூ முடி. நான் பின்பக்கத்து வலது முனை. கோயில் வாசல் தாண்டிச் சந்திவரைக்கும் நன்றாகத்தான் போனேன். துறைமுகப் பக்கத்து வீதியில் திரும்பியதும் கச்சான் காற்று நேரே முகத்தில் அடித்தது. கூட்டின் பூச்சரங்கள் பறந்தன. தொடை நடுங்கத் தொடங்கியது. ஒரு அருள்நிறை மந்திரம் முடியும்வரை பிடிப்போம், இன்னுமொன்று முடியும்வரை பிடிப்போம் என்று போனேன். அப்பா வழக்கமாகக் கப்பல் பார்த்துக்கொண்டு நிற்கிற மதகுக்குக் கிட்டவாக, என்னைக் கேளாமல் என் கால்கள் நிமிர்ந்தன. அவ்வளவுதான். கூடு சரிந்தது. சின்னமாதா இடதுபக்கம் சாய்ந்து, கூட்டின் தூணில் முட்டிக்கொண்டு நின்றாள். சனம் "மாதாவே!" என்றது. முன்னால் போன பிள்ளை அழத் தொடங்கினாள். நான் மறுபடி மடிக்கப் பார்த்தேன். கால் மடியவில்லை.

பின்னாலிருந்து யாரோ என்னை இடித்துக்கொண்டு தண்டுக்கும் என் தோளுக்கும் நடுவே புகுந்தார்கள். அம்மா. தண்டைத் தன் தோளில் வாங்கிக்கொண்டாள்.

மூப்பர் ஓடிவந்தார். "தங்கச்சி, கலியாணங் கட்டின பொம்பிளையள் சின்னமாதாவைத் தூக்கிற வழக்கமில்லை!"

"வழக்கத்தை நாளைக்குக் கதைப்பம் அண்ணை. இப்ப மட்டத்தை வைச்சுப் பாருங்கோ."

அவர் சட்டைப்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து, கூட்டின் விளிம்பில் வைத்தார். ஒரு கண்ணை மூடினார். குமிழி நடுவில் வந்து நின்றது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் தோளும் என் அம்மாவின் தோளும் ஒரே மட்டம். மூப்பர் ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் போய், விட்ட இடத்திலிருந்து செபமாலையைத் தொடங்கினார்.

"கையை வை" என்றாள் அம்மா, என்னைத் திரும்பிப் பாராமல். "தண்டில கையை வை. கை வைச்சால் சுமந்ததுதான்."

வைத்தேன். நிமிர்ந்தபடியே, முழு உயரத்தோடு, அவளுக்குப் பக்கத்தில் நடந்தேன். அப்போதுதான் பார்த்தேன். முக்காடு காற்றில் விலகி அம்மாவின் உச்சி வகிடு எனக்குக் கீழே தெரிந்தது. நான் எப்போதும் கீழிருந்தே பார்த்த ஆள் அவள், கோபத்தில் மாதாவோடேயே கதைக்கிறவள். அவள் இவ்வளவு சின்ன ஆள் என்று அதுவரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. வகிட்டின் இரண்டு பக்கமும் வேர்வை. தண்டு அழுத்திய இடத்தில் சேலை நசிந்திருந்தது. கோயில் வாசல் வரும்வரை தண்டை என்னிடம் மாற்றித் தரக் கேட்டேன். "நீ கையை எடுக்காதை" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மாரிக்குள் நான் இன்னும் வளர்ந்தேன், பிறகு பெரியபிள்ளையானேன், பிறகும் வளர்ந்தேன். அம்மா திரும்ப முட்டை தரத் தொடங்கினாள். நேர்த்தி இறங்கிவிட்டது, இனி எவ்வளவும் வளரலாம் என்று அவள் கணக்கு. அது செல்லுமா செல்லாதா என்று எந்தச் சட்டத்திலும் நான் தேடவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் சண்டை வந்ததோடு அந்தத் துறைமுகப் பக்கத்து வீதியால் சுற்றுப்பிரகாரம் போவது நின்றது. பாதை அனுமதி கேட்கிறவர்கள் எங்கள் கந்தோருக்குத்தான் வருவார்கள். ஒரு வருடம் வந்தார்கள், அடுத்த வருடம் பாதையைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள், பிறகு கோயில் வளவுக்குள்ளேயே சுற்றிக்கொள்கிறோம் என்றார்கள். மதகை உடைத்துவிட்டார்கள். என்னோடு தூக்கிய மூன்று பேரில் ஒருத்தி கடலுக்கு அந்தப் பக்கம் போய்ப் பேரப்பிள்ளை பார்க்கிறாள். மற்ற இரண்டு பேரையும் பற்றி நான் யாரிடமும் கேட்பதில்லை. இப்போது நாலு பேரை ஒரே உயரத்தில் தெரிவுசெய்யவேண்டுமானால், முதலில் நாலு சிறுமிகள் வேண்டும். ஞாயிறு பூசையில் எண்ணிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

போன புரட்டாதியில் போயிருந்தேன். சின்னமாதா உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் வருகிறாள். குழியில் விழுந்தாலும் சரியாதபடி நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், நல்ல மட்டமாகத்தான் இருக்கிறாள். பக்கத்தில் நடந்து வந்த தாய்மார் எல்லாரும், பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்கள்.